மயிலையில் பட்டுவைத் தேடி

மயிலாப்பூரைப் பற்றி எழுதாத பத்திரிகைக்காரர் கிடையாது. கோபுரம், திருக்குளம், அறுபத்து மூவர் உற்சவம், மாடவீதிக் காப்பி, மார்கழிக் கச்சேரி என்று ஒன்றையும் பாக்கி வைக்காமல் எழுதித் தீர்த்து விட்டார்கள். நானே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் அவர்கள் எல்லோரும் மயிலையை நிமிர்ந்து பார்த்து எழுதினவர்கள். நான் இப்போது சொல்லப் போவது, ஐந்து நாள் குனிந்தே பார்த்த மயிலை. நிறுத்தி வைத்த கார்களுக்கு அடியிலும், மாடிப்படிகளுக்குக் கீழேயும், தண்ணீர்த் தொட்டி இடுக்குகளிலும், கையில் டார்ச் விளக்குடன் தவழ்ந்து தவழ்ந்து பார்த்த மயிலை.

காரணம், ஒரு பூனை.

வடக்கு மாடவீதியை ஒட்டிய ஒரு சந்தில் என் அக்காவின் அகம் இருக்கிறது. இரண்டு பக்கமும் அடுக்கு மாடிகள் எழும்பி விட்ட பிறகும் ஓட்டுக் கூரையோடு பிடிவாதமாக நிற்கும் பழைய வீடு. அங்கே அக்கா, அத்திம்பேர், பத்து வயதுக் குழந்தை, அக்காவின் மாமியார் ஆகிய நால்வரும் ஒரு பூனையும் வாசம். அந்த மாமியாரைத் தெருவில் எல்லோரும் ‘பாட்டி’ என்றே அழைப்பதால் நானும் அப்படியே அழைத்து வருகிறேன்.

பூனையின் பெயர் பட்டு. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் ஆகிய மூன்று வர்ணமும் கலந்த உடம்பு. இப்படி மூன்று வர்ணம் கொண்ட பூனை அநேகமாக எப்போதும் பெண்ணாகவே இருக்குமாம். செம்மஞ்சள் நிறத்தைத் தீர்மானிக்கும் சரக்கு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அதனால்தான் என்று கால்நடை டாக்டர்கள் சொல்கிறார்கள். 2015-ம் வருஷம் டிசம்பர் வெள்ளத்தின் போது, நனைந்த பஞ்சு உருண்டை மாதிரி கிடந்த குட்டியை மழைக்கோட்டுப் பைக்குள் போட்டுக் கொண்டு வந்தவர் தாத்தா. 2021-ல் தாத்தா போய்விட்டார். அவருடைய சாய்வு நாற்காலி மட்டும் கூடத்தில் இருந்தது. அதில் பகலெல்லாம் பட்டு படுத்திருக்கும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, காய் நறுக்கிக் கொண்டே அதனிடம் பேசிக் கொண்டிருப்பார். யாரிடம் பேசுகிறார் என்பதை நாங்கள் யாரும் ஆராய்ந்ததில்லை.

2023-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி, மகாளய அமாவாசை, சனிக்கிழமை. வடக்கு மாடவீதியில் கொலு பொம்மைக் கடைகள் நெருக்கியடித்துக் கொண்டு நின்றன. குழந்தைக்காக ஒரு செட்டியார் ஜோடி வாங்கிக் கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு கையிலும் சுமை. கிராதிக் கதவைக் காலால் தள்ளித் திறந்தேன். உள்ளே போனதும் திரும்பித் தாழ் போடவில்லை. “மாமா!” என்று குழந்தை ஓடி வந்தாள். அதே சமயம் தெருவில் ஒரு லாரி பிளிறியது. என் காலுக்கு நடுவே மூவர்ணமாக ஏதோ பாய்ந்தது. அவ்வளவுதான்.

எட்டு வருஷமாகத் தெரு வாசற்படியைத் தாண்டாத பூனை என்னால் வெளியே போய்விட்டது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்கப் போவதில்லை. பாட்டி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சாய்வு நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். “வந்துடும். நீ கைகால் அலம்பிண்டு காப்பி சாப்பிடு” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

* * *

முதல் நாள் நான் செய்தது அத்தனையும் தப்பு. அதை முதலில் ஒப்புக் கொண்டு விடுகிறேன், பிறருக்காவது பிரயோசனப்படட்டும்.

ஓடிப் போன பூனை எங்கோ தொலைதூரம் போய்விட்டது என்று நினைத்துக் கொண்டேன். ‘பட்டு, பட்டு!’ என்று உரக்கக் கூவிக் கொண்டு, கிழக்கு மாடவீதி, சித்திரக்குளம், பேலத்தோப்பு என்று ஒரே மூச்சில் ஓடினேன். மெட்ரோ ரயில் வேலைக்காகத் தகரத் தட்டிகள் அடைத்திருந்த லஸ் முனை வரைக்கும் போய்ப் பார்த்தேன். கருவேப்பிலை விற்கிறவள் என்னைப் பைத்தியம் என்று தீர்மானித்து, கூடையை நகர்த்தி வைத்துக் கொண்டாள்.

இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பி, கைப்பேசியில் இந்தச் சமாசாரத்தைப் படிக்க உட்கார்ந்தேன். 2018-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாகியிருக்கிறது. காணாமற்போன 1,210 பூனைகளின் கதையைச் சொந்தக்காரர்களிடம் கேட்டுத் தொகுத்திருக்கிறார்கள். கிடைத்த பூனைகளில் நூற்றுக்கு 75, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே அகப்பட்டன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைகள் அதைவிடக் கிட்டத்திலேயே பதுங்குகின்றன. முதல் ஏழு நாளில் உயிரோடு திரும்பியவை நூற்றுக்கு 34. ஒரு வருஷத்துக்குள் திரும்பியவை 61. ஆகவே, மூன்றாம் நாள் நம்பிக்கை இழக்கிறவர்கள் அவசரப்படுகிறார்கள் என்று அர்த்தம். வாசலில் உட்கார்ந்து காத்திருப்பதைவிட, இறங்கி இண்டு இடுக்கெல்லாம் தேடுவதே பலன் தருகிறது என்பதும் அதில் கண்ட முடிவு.

இன்னொன்றும் தெரிந்து கொண்டேன். பயந்த பூனை கூப்பிட்டால் வராது, பதிலும் சொல்லாது. எஜமானியின் குரல் பத்தடி தூரத்தில் கேட்டாலும், மூச்சை அடக்கிக் கொண்டு கிடக்கும். சத்தம் போட்டால் எதிரிக்குத் தெரிந்து விடும் என்பது அதன் சுபாவம். ‘நம்மிடம் இத்தனை பிரியமாக இருந்ததே, கூப்பிட்டும் வரவில்லையே’ என்று மனம் நொந்து போக வேண்டாம். அது பிரியக் குறைவு அல்ல, பயம்.

* * *

ஞாயிறு இரவு முதல் என் தேடல் ஓர் ஒழுங்குக்கு வந்தது. ஊர் அடங்கிய பிறகு, பன்னிரண்டு மணிக்கு மேல், டார்ச் விளக்குடன் கிளம்பினேன். விளக்கைக் கண் உயரத்தில் பிடித்து, தரையோடு தரையாக வெளிச்சத்தை ஓட்ட வேண்டும். பூனையின் கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் பச்சையாகவோ பொன்னிறமாகவோ பளிச்சென்று திருப்பி அடிக்கும். உடம்பு தெரியாவிட்டாலும் கண் தெரிந்து விடும். அமாவாசை கழிந்த இருட்டு இந்த வேலைக்குப் பரம சௌகரியம்.

அன்றைக்கு 14 ஜோடிக் கண்களை எண்ணினேன். ஒன்றும் பட்டுவுடையது அல்ல. ஆனால் மயிலாப்பூரில் இத்தனை பூனைகள் குடித்தனம் நடத்துகின்றன என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பகலில் நாம் பார்க்கும் மயிலை நாய்களுடையது. பூனைகளின் மயிலை ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, மதில் மேலும் ஓட்டுக் கூரை மேலும் ஜன்னல் விதானங்களிலும் இருக்கிறது. ஓரகத்து மாடியிலிருந்து இன்னோரகத்து மாடிக்கு, தெருவில் கால் வைக்காமலே ஒரு பூனை அரைத் தெருவைக் கடந்து விடுகிறது.

நடுநிசி மாடவீதியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வடக்கு மாடவீதியில் பொம்மைகள் எல்லாம் தார்ப்பாய்க்குள் தூங்குகின்றன. பக்கத்திலேயே பொம்மைக்காரர்கள், கை மடித்துத் தலைக்கு வைத்து உறங்குகிறார்கள். தெப்பக்குளத்து நீரில் மைய மண்டபத்தின் நிழல் அசையாமல் கிடக்கிறது. கிழக்கே 120 அடி உயரத்துக்கு ராஜகோபுரம் இருட்டோடு இருட்டாக நிற்கிறது. தெற்கு மாடவீதியில் காய்கறிக் கடைகளின் வாசலில் கோஸ் இலைகள் மிதிபட்டுக் கிடக்கின்றன. எங்கும் நிசப்தம். என் முழங்கால் சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம் எனக்கே கேட்டது.

“இன்னா சார் தேடறே?” என்று ஒரு காவற்காரர் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் குனிந்து விட்டார். அன்று முதல் ஐந்து காவற்காரர்கள் எனக்குச் சிநேகிதர்கள்.

ஒருவர் ஒரு யோசனை சொன்னார்: “நெத்திலிக் கருவாடு வச்சுப் பாருங்க சார், எங்க இருந்தாலும் வரும்.” யோசனை சரியானதுதான். வாசனை கனமான உணவுதான் பூனையை இழுக்கும். ஆனால் நான் அதை எந்த அகத்து வாசலில் வைப்பது? இருந்தாலும் நொச்சிக்குப்பம் வரை போய்ச் சிறிது வாங்கி, மூன்று உறைகளுக்குள் சுற்றி எடுத்து வந்தேன். சந்து வாசலில் நின்று தயங்கினேன். பாட்டி பார்த்து விட்டார். மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக் கொண்டு, “கொல்லைக் கிணற்றடியிலே வை. பகவான் மன்னிப்பார்” என்றார். விடிந்து பார்த்த போது கருவாடு காலியாகியிருந்தது. தின்றது யார் என்று தெரியவில்லை. அடுத்த சந்துக் கடுவன் அன்று முழுவதும் எங்கள் மதிலை விட்டு இறங்கவில்லை என்பது மட்டும் உண்மை.

* * *

திங்கட்கிழமை துண்டுப் பிரசுரம் அடித்தோம். சுவரில் ஒட்டவில்லை. பொதுச் சுவர்களை அசிங்கப்படுத்தக் கூடாது என்று 1959-ம் வருஷத்திலிருந்தே நம் மாகாணத்தில் சட்டம் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஒட்டினாலும் யாரும் நின்று படிப்பதில்லை. ஆட்களிடம் கொடுப்பதே மேல்.

யாரிடம்? இதைப் பெண்மணிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பால் போடுகிறவர், பேப்பர் பையன், பூக்காரம்மா, இஸ்திரிக்காரர், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் ஆகியோரே ஒரு தெருவின் உண்மையான சரித்திர ஆசிரியர்கள். பத்து வீட்டுக்குள்ளும் போய் வருகிற உரிமை அவர்களுக்குத்தான் உண்டு. படம் பெரிதாக, எழுத்து பெரிதாக, விவரம் குறைவாக அச்சடித்து அவர்களிடம் கொடுத்தோம். குழந்தையின் பள்ளிச் சிநேகிதிகளின் தாய்மார்கள் வாட்ஸ்அப்பில் அதைச் சுற்றுக்கு விட்டார்கள்.

ஒரே ஒரு விவரத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டு விட்டோம். பட்டுவின் இடது பின்னங்காலின் அடியில், ரோஜா நிறத் திண்டுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் கறுப்பு. இது வெகு நல்லதாய்ப் போயிற்று. செவ்வாயன்று ஒரு டெலிபோன் வந்தது. “உங்க பூனை எங்ககிட்டே இருக்கு. ஐயாயிரம் ரூபாய் போன்லே அனுப்புங்க, கொண்டு வந்து கொடுக்கறோம்.” அக்கா பதறிப் போய்ப் பணத்தை அனுப்பவே ஆரம்பித்து விட்டாள். நான் போனை வாங்கி, “கால் அடியில் ஓர் அடையாளம் இருக்கிறதே, அது எந்தக் கால்?” என்று கேட்டேன். பேச்சு அறுந்து போயிற்று. மறுபடி அந்த எண்ணிலிருந்து அழைப்பே வரவில்லை.

அன்று சாயங்காலம் பாட்டி என்னைக் கபாலி கோயிலுக்கு அழைத்துப் போனார். புன்னை மரத்தடிச் சந்நிதியில் நின்றார். அம்பிகை மயிலாகி இறைவனைத் தேடி வந்து பூஜித்த இடம். பிறகு பூம்பாவை சந்நிதி. பாம்பு கடித்து மாண்ட பெண்ணின் அஸ்தியைக் குடத்தில் வைத்துக் காத்திருந்தார் தகப்பனார் சிவநேசர். திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாட, அந்தப் பெண் எழுந்து வந்தாள் என்பது வரலாறு. பங்குனி உற்சவத்தின் எட்டாம் நாள் காலையில் இன்றும் அதை நடத்திக் காட்டுகிறார்கள். தெற்கு மாடவீதி வெள்ளீசுவரர் கோயிலிலோ, சுக்கிரன் இழந்த கண்ணைத் திரும்பப் பெற்றான் என்பார்கள்.

“பாத்தியாடா, இந்த ஊரிலே தொலைஞ்சது எல்லாம் திரும்பி வந்திருக்கு. சாம்பலாப் போன பெண்ணே எழுந்து வந்திருக்கா” என்றார் பாட்டி. சற்று நின்றார். “எல்லாமும்னு சொல்லப்படாது. எனக்குத் தெரியும்” என்று மெல்லச் சொல்லிவிட்டு நடந்தார். நான் பதில் சொல்லவில்லை.

* * *

இப்போது ஒரு சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன்.

தொலைந்த இடத்திலிருந்து வட்டம் போட்டு, மிகக் கிட்டத்து வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று படித்தேன் அல்லவா? அப்படியே 40 வீடுகளில் ஏறி இறங்கினேன். கார் கொட்டகை, மோட்டார் அறை, பரண் எல்லாவற்றையும் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தேன். மனிதர்கள் நல்லவர்கள், ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு வீட்டில் மட்டும் நான் ஏறவில்லை. அது ஒட்டினாற் போல் இருக்கும் பக்கத்து வீடு.

2012-ம் வருஷத்தில், அவர்கள் முருங்கை மரத்தின் கிளை ஒன்று நம் பக்கம் சாய்ந்திருந்ததாம். கம்பளிப் பூச்சி வருகிறதென்று தாத்தா அதை வெட்டினாராம். கேட்டு விட்டு வெட்டக் கூடாதா என்றாராம் அந்த மாமி. நம் பக்கம் வந்ததை வெட்ட யாரைக் கேட்க வேண்டும் என்றாராம் பாட்டி. அவ்வளவுதான் சண்டை. அதற்குப் பிறகு பதினொரு வருஷம் இரு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. தாத்தா போன அன்று அந்த மாமி வந்து வாசலோடு நின்று விட்டுப் போனாராம். பாட்டி அதை மறக்கவும் இல்லை. அதற்காகப் போய்ப் பேசவும் இல்லை.

“அந்த ஆத்திலே மட்டும் கேட்க வேண்டாம்” என்று முதல் நாளே உத்தரவாகியிருந்தது. தப்பு செய்தவன் நான், மீறுவது எப்படி?

வியாழக்கிழமை சாயங்காலம் பூக்காரம்மா கதம்பத்தை முழம் போட்டுக் கொண்டே சொன்னாள்: “ஊட்டுக்கு ஊடு என்னென்னவோ நடக்குது. பக்கத்து ஊட்டம்மா கொலுவிலே தினம் ராவுல ஒரு பொம்மை உருண்டு உழுதாம். நைவேத்தியப் பாலும் காலியாவுதாம். அம்பாளே வந்து குடிக்கிறாங்கன்னு கும்பிட்டுக்கினு இருக்காங்க.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பாட்டியைப் பார்த்தேன். பாட்டி கையில் இருந்த பூவைக் கீழே வைத்தார்.

விஷயம் விளங்கி விட்டது. அமாவாசை அன்று பொம்மைப் பெட்டிகளை இறக்குவதற்காக அவர்கள் வாசல், கொல்லை எல்லாம் திறந்து கிடந்திருக்கிறது. டிரங்குப் பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கி, மேலே வெள்ளை வேஷ்டி விரித்துக் கட்டிய ஒன்பது படி. உள்ளே இருட்டும் வெற்றிடமும். பயந்த பூனைக்கு அதைவிட உத்தமமான குகை எது? நான் சித்திரக்குளம் வரை ஓடிக் கூவிய அந்த இரவில், பட்டு முப்பதடி தூரத்தில் இருந்திருக்கிறது.

“நான் போய்க் கேட்டு எடுத்துண்டு வரேன்” என்றேன்.

“உன்னைக் கண்டா அது வருமா? உன்னால்தானே ஓடித்து!” என்றார் பாட்டி. அந்த ஐந்து நாளில் அவர் என்னைக் குற்றம் சொன்னது அது ஒன்றுதான். உள்ளே போனார். பட்டுவின் தீனி போட்டு வைக்கும் பழைய காப்பிப்பொடி டப்பாவை எடுத்தார். தலைப்பை இழுத்துச் செருகிக் கொண்டு படி இறங்கினார்.

பக்கத்து வீட்டு மாமி கதவைத் திறந்து பார்த்து அப்படியே நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூந்தல் இருவருக்குமே வெளுத்துப் போயிருந்தது. பதினொரு வருஷம் அல்லவா?

“என் பூனை உங்காத்துக் கொலுவுக்குள்ளே இருக்கும்னு தோண்றது” என்றார் பாட்டி.

“உள்ளே வாங்கோ” என்றார் அந்த மாமி. வேறு எதுவும் சொல்லவில்லை. விளக்கைத் தணித்தார். தொலைக்காட்சியை நிறுத்தினார். ஜன்னல்களைத் தானே சாத்தினார். தேடுகிறவர்கள் இதைக் கவனித்துக் கொள்ள வேண்டும்: இருக்கும் இடம் தெரிந்த பிறகு கும்பலாகப் போய்க் கையை விட்டு இழுக்கக் கூடாது. வழிகளை அடைத்து, பழகின ஒருவர் மட்டும் தரையில் உட்கார்ந்து, பழகின சத்தத்தைக் காட்டிக் காத்திருக்க வேண்டும்.

பாட்டி முழங்காலைப் பிடித்துக் கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். டப்பாவை ஆட்டினார். கலகலவென்ற சத்தம். “பட்டு… வாடி” என்று, காய் நறுக்கும் போது பேசுகிற அதே குரலில் கூப்பிட்டார். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. வாசற்படியில் நின்றிருந்த நான் மூச்சு விடவில்லை. பிறகு நாலாம் படியில் தசாவதார செட்டில் வாமனர் லேசாக ஆடினார். வேஷ்டி ஓரம் அசைந்தது. ஒரு ரோஜா மூக்கு வெளியே வந்தது.

இளைத்து, ஒட்டடை பிடித்து, அழுக்காக இருந்தது. நேரே பாட்டியின் மடியில் ஏறிப் படுத்துக் கொண்டது. நான் இடது பின்னங்காலைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்புத் திண்டு இருந்தது. பாட்டி அழுது நான் பார்த்தது அன்றுதான். தாத்தா போன அன்று கூட அவர் அப்படி அழவில்லை என்று அக்கா பிறகு சொன்னாள்.

பக்கத்து வீட்டு மாமி ஒன்றும் கேட்கவில்லை. சுண்டலும் தேங்காய் பழமும் தட்டில் வைத்து நீட்டினார். “எனக்கெதுக்கு?” என்று தயங்கினார் பாட்டி. “கொலுவுக்கு வந்தவாளை வெறும் கையோட அனுப்பறதா?” என்று மாமி தட்டை மடியருகே வைத்து விட்டார்.

* * *

மறுநாள் காலை பட்டுவைக் கூடையில் வைத்து வேப்பேரிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கிடைத்து விட்டதே என்று இதை அசட்டை செய்யக் கூடாது. சில நாள் சரியாகச் சாப்பிடாத பூனைக்கு ஈரல் கெட்டுப் போகும் அபாயம் உண்டு. நல்ல வேளையாகப் பட்டு அம்பாளின் பாலைக் குடித்துப் பிழைத்திருந்தது. அரிசி மணி அளவுள்ள ஒரு சில்லைப் பிறகு அதன் தோலுக்கு அடியில் வைத்துக் கொண்டோம். அது பூனை இருக்கும் இடத்தைக் காட்டாது. யாராவது எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டினால், சொந்தக்காரர் யார் என்று கருவியில் தெரியும். அவ்வளவுதான் அதன் உபயோகம்.

நான் இப்போது அக்கா வீட்டுக்குப் போனால், கிராதிக் கதவின் தாழை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து விட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறேன்.

அந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம் போயிருந்த போது, மதிலுக்கு மேலே ஒரு கை நீண்டது. கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். பாட்டி போய் வாங்கி வந்தார். சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார்.

“கொஞ்சம் முத்தல்” என்று பட்டுவிடம் சொன்னார். பிறகு, மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படியாக, “நன்னா இருக்கு!” என்று உரக்கச் சொன்னார்.